சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் அணுகவும்

மாங்கூழ் விலை பேச, கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையோர வேப்பனப்பள்ளிப் பக்கம் வந்த அகமதாபாத் வியாபாரி ஒருவருக்கு ஒரு குறை. அவருடைய குருநாதர் இந்தியில் ஆற்றிய தத்துவச் சொற்பொழிவுகள் தொகுதி தொகுதியாக அச்சாகிவிட்டன. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ குஜராத்தி எழுத்துதான் வாசிக்க வரும். பெங்களூரா மாங்காய் இருபது லோடு வேண்டுமென்றால் ஒரு போனில் காரியம் முடிகிறது, இதற்கு ஒரு ஆள் மட்டும் வருஷக்கணக்கில் சிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டார். நிபந்தனைகள் அதிகமில்லை. சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும். வேதாந்தமும் சமணமும் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். நடை இனிக்க வேண்டும். பத்துப் பக்கம் மாதிரிக்கு இலவசமாகச் செய்து காட்ட வேண்டும். ஆள் சைவமாக இருந்தால் நல்லது.

"சரிங்க, என்ன கொடுப்பீங்க?" என்றார் மண்டி குமாஸ்தா.

வியாபாரி கண்ணை மூடித் திறந்தார். "புண்ணியம்."

"டன்னுக்கு எவ்வளவுங்க?"

குமாஸ்தா கிண்டல் செய்யவில்லை. எடை போடாமல் எதுவும் கைமாறாத உலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? அச்சகக்காரருக்குப் பணம், காகிதக் கடைக்குப் பணம், அட்டைக்குத் தங்க எழுத்து பதிப்பவருக்குப் பணம், வெளியீட்டு விழாவின் பந்திக்குப் பணம். அத்தனை தொகுதியையும் வரிவரியாகச் சுமந்து இன்னொரு மொழிக்குள் இறக்குகிறவனுக்கு மட்டும் புண்ணியம்.

இத்தனைக்கும் இந்தியும் குஜராத்தியும் ஒன்றையொன்று அறியாத மொழிகளா என்ன? கத்தியவாரின் டங்காராவில் பிறந்த தயானந்த சரஸ்வதி தம் சத்தியார்த்த பிரகாசத்தை இந்தியில்தான் எழுதினார், 1875-ல். குஜராத்தியில் தத்துவம் பேச வராது என்றும் யாரும் சொல்ல முடியாது. ஸ்ரீமத் ராஜ்சந்திரா நடியாதில் உட்கார்ந்து 142 செய்யுளில் ஆத்மசித்தியை முடித்தது 1896-ல். காந்தி இந்து சுயராஜ்யத்தைக் கப்பலில் எழுதியதும், கீதைக்கு அநாசக்தி யோகம் செய்ததும் குஜராத்தியில்தான். இப்படிப்பட்ட இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஒரு ஆள் கிடைக்கவில்லை என்றால், ஆள் இல்லை என்று அர்த்தமில்லை. கூலி இல்லை என்று அர்த்தம். சேவை மனப்பான்மை உள்ளவர்கள் மட்டும் அணுகவும் என்று எந்த விளம்பரத்தில் வந்தாலும் அதன் பொருள் அதுதான்.

வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேராகப் போகலாமென்றால் 462 திசை. இவற்றில் சம்பளமும் நாற்காலியும் போட்டு அரசாங்கம் வளர்ப்பது எத்தனை? ஒன்றிய அரசின் மத்திய மொழிபெயர்ப்பு நிறுவனம் 1971-ல் தொடங்கியதே அலுவலகக் கோப்புகளை ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் நடுவே மாற்றிப் போடத்தான். தேசிய மொழிபெயர்ப்புத் திட்டத்தை மைசூரின் இந்திய மொழிகள் நிறுவனத்தில் வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கேயும் மூலநூல் என்றால் முதலில் கை போவது ஆங்கிலப் பாடநூலுக்கு. கன்னடக்காரர் யோசித்ததைத் தமிழர் படிக்க வேண்டுமா? அவர் ஆங்கிலத்தில் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். வேப்பனப்பள்ளியிலிருந்து அடுத்த ஊரான குப்பத்துக்கு டெல்லி வழியாக டிக்கெட் கிழிக்கிறார்கள், பயணியும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

சாகித்திய அகாடமியும் நேஷனல் புக் டிரஸ்டும் பக்கத்து மொழியைப் பக்கத்து மொழிக்குக் கொண்டுவந்த நூல்கள் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் தராசு சாய்ந்துதான் நிற்கிறது. மூல ஆசிரியருக்கு அகாடமி விருது ஒரு லட்சம், மொழிபெயர்ப்பாளருக்கு 50,000. பாதி மனிதன் என்று இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

வேப்பனப்பள்ளி மண்டியில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். அந்தக் குமாஸ்தா எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தக்காளி கொண்டுவந்த விவசாயியிடம் கன்னடத்தில் விலை பேசுகிறார். அதே மூச்சில் லாரி டிரைவரைத் தெலுங்கில் திட்டுகிறார். கிரேட் எண்ணுகிற பாயிடம் தக்கணி உருதுவில் கணக்குக் கேட்கிறார். நோட்டில் தமிழில் எழுதுகிறார். போனில் வந்த நாசிக்காரரிடம் இந்தியில், "இன்னிக்கு ரேட் இறங்கிடுச்சு சேட்" என்கிற செய்தியைச் சோகம் கெடாமல் சேர்க்கிறார். விவசாயியின் கோபம் கன்னடத்தில் எந்த இடத்தில் நின்றதோ அதே இடத்தில் தெலுங்கில் டிரைவரிடம் தொடங்குகிறது. தொனி தவறினால் அன்றைய வியாபாரம் போச்சு. மொழிபெயர்ப்புப் பட்டறைகளில் மூன்று நாள் மதிய உணவோடு சொல்லிக்கொடுக்கும் வித்தை இது.

இந்த ஊர்க்காரரை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், கணக்கில் மட்டும் யாரும் வைப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கன்னடம் மட்டும் தெரிந்த கிழவியைப் பிடித்து உட்கார வைத்தால், டீ கொண்டுவந்த பையனை நிறுத்தி, "என்ன சொல்லுது கேளுடா" என்பார்கள். பிரசவ வார்டில் நர்ஸுக்கும் ஜார்க்கண்ட் பெண்ணுக்கும் நடுவில் துப்புரவுத் தொழிலாளிதான் துபாஷி. பத்திரப் பதிவில் தெலுங்கு அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைச் சண்டையைத் தமிழில் சட்டபூர்வமாக்குகிறவர் பத்திர எழுத்தர். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். சென்னையில் மொழிக்காகத் தொண்டை கிழியப் பேசிய கட்சிகள் எல்லாமும், எல்லைக் கிராமத்துக்குள் வண்டி நுழைந்ததும் ஒலிபெருக்கியைத் தெலுங்குக்கு மாற்றிவிடும். ஓட்டு என்றால் மும்மொழி, நூலகம் என்றால் ஒருமொழி. அந்த மைக்கைப் பிடித்த பையனுக்கு அன்றைக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் நூறு ரூபாயும். அவன் வாங்கியதே இந்த ஊராட்சி ஒன்றியத்தில் மொழிபெயர்ப்புக்கு ரொக்கமாகக் கொடுத்த அதிகபட்சத் தொகையாக இருக்கும்.

ஓசூரிலோ பெங்களூரிலோ ஜப்பானிய மொழி படித்து வந்து நின்றால் கம்பெனி காரே அனுப்பும். நாலு தென்னிந்திய மொழி தெரியும் என்று ஒருவன் வந்தால் லோடிங் செக்ஷனுக்கு அனுப்புவார்கள்.

ஒருகாலத்தில் இந்த வேலையைக் கமிட்டி போடாமல் செய்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் சாமரசன் என்கிற கன்னடக் கவிஞர் அல்லமப் பிரபுவைப் பற்றிப் பிரபுலிங்க லீலே பாடினார். சும்மா கதையில்லை, வீரசைவத் தத்துவத்தைத் தலையில் சுமந்து நடக்கிற காவியம். 17-ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் அதைத் தமிழில் பிரபுலிங்க லீலையாகக் கொண்டுவந்தார். கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்கு, நடுவில் லண்டனும் இல்லை, டெல்லியும் இல்லை. சிவப்பிரகாசர் முப்பத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார் என்பார்கள். அதற்குள் அவர் செய்து வைத்த நூல்களின் பட்டியலைப் பார்த்தால், இன்றைக்கு அதே ஆள் ஒரு மொழிபெயர்ப்பு நிதிக்கு விண்ணப்பித்து, வல்லுநர் குழு கூடி, அந்தக் குழுவின் பதவிக்காலம் முடிந்து, புதுக்குழு அமைவதற்குள் அந்த முப்பத்திரண்டும் கழிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

பிறகு நாம் நாகரிகம் அடைந்தோம். புத்தகத்துக்குப் பதில் சிலை மாற்றிக்கொள்ளும் நாகரிகம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் வள்ளுவருக்குச் சிலை எழுப்பினார்கள். திறக்க விடவில்லை. பதினெட்டு வருஷம் அந்த மனிதர் மூடிய துணிக்குள்ளேயே நின்றார். 1,330 குறள் எழுதியவருக்கு மூச்சுவிட ஒரு ஓட்டை கூடக் கிடையாது. கடைசியில் பேரம் படிந்தது. 2009 ஆகஸ்ட் 9-ல் அங்கே வள்ளுவர் திறக்கப்பட்டார், நாலு நாள் கழித்து 13-ஆம் தேதி சென்னை அயனாவரத்தில் கன்னடத்தின் சர்வக்ஞர் திறக்கப்பட்டார். இரண்டு முதலமைச்சர்களும் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். பிணைக்கைதிகளை மாற்றிக்கொள்ளும் எல்லைச் சாவடிபோல இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு அயனாவரத்தில் அந்தச் சிலையைக் கடந்து போகிற பத்துப் பேரைப் பிடித்து, இவர் என்ன எழுதினார் என்று கேளுங்கள். மூன்றடியில் வாழ்க்கையை உரித்துக் காட்டிய ஞானி என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருக்கும் ஒரு சிலை வைக்கலாம். வெண்கலத்துக்குக் காசு இருந்தது. அவருடைய மூன்றடித் திரிபதிகளைத் தமிழாக்கி ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. புத்தகத்துக்கு மாலை போட முடியாதல்லவா?

எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் மாவட்டத்து முல்பாகலில் 1887-ல் பிறந்தவர் டி.வி. குண்டப்பா. அவருடைய மங்குதிம்மன கக்க என்னும் தத்துவச் செய்யுள்களைக் கன்னட வீடுகளில் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே மாவட்டம் மாலூர்ப் பக்கத்தில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983-க்கான ஞானபீடம் வாங்கினார். இங்கிருந்து பைக்கில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய ஊர்கள் இவை. கிருஷ்ணகிரியில் ஒரு புத்தகக் கடைக்குள் நுழைந்து இவர்கள் தமிழில் இருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். குரூப் நாலு கைடு புதுசா வந்திருக்கு சார், எடுக்கட்டுமா என்பார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரணர்களின் வசனங்களில் 2,500-ஐப் பொறுக்கியெடுத்து 23 மொழிகளுக்குக் கொண்டுபோகும் பெரிய வேலையைப் பசவ சமிதி எடுத்துச் செய்தது. தலைமைப் பதிப்பாசிரியர் எம்.எம். கல்புர்கி. 2015 ஆகஸ்ட் 30 காலையில் தார்வாட் வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2017 ஏப்ரல் 29, பசவ ஜெயந்தி அன்று டெல்லி விஞ்ஞான் பவனில் பிரதமர் அந்த மொழிபெயர்ப்புகளை வெளியிட்டார். பூங்கொத்து, சால்வை, கைதட்டல் எல்லாம் முறைப்படி நடந்தன. சாதியை உடைத்த வசனங்கள் பளபளப்பான அட்டையில் வந்து இறங்கின. அவற்றைத் தொகுத்தவரின் ரத்தத்தைத் தார்வாட் வாசலில் கழுவி இருபது மாதம்தான் ஆகியிருந்தது.

உபநிடதங்களில் ஐம்பதைக் காசிப் பண்டிதர்களோடு உட்கார்ந்து 1657-ல் பாரசீகத்துக்குக் கொண்டுபோன முகலாய இளவரசன் தாரா ஷுகோவை இரண்டு வருஷத்தில் கொன்றார்கள். அரியணைச் சண்டைதான் காரணம். ஆனால் குற்றப்பத்திரிகைக்கு மத விரோதம் என்கிற காரணம் தேவைப்பட்டது, மொழிபெயர்ப்பாளன் அதற்கு வசதியாக மாட்டினான். அந்தப் பாரசீகம் லத்தீனுக்குப் போய் ஐரோப்பியத் தத்துவவாதிகள் மேசைக்குச் சேர்ந்தது. அங்கே ஷோபன்ஹாவர் புகழ்ந்ததை நாம் இன்றுவரை மேடைக்கு மேடை பெருமையடித்துக்கொள்கிறோம், சுமந்து போனவன் பெயரைச் சொல்லாமல்.

உண்மையைச் சொன்னால், இந்திய வரலாற்றில் தத்துவ மொழிபெயர்ப்பாளனுக்கு இடம், நேரம், இலவசச் சோறு மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த ஒரே அரசு நிறுவனம் சிறைச்சாலைதான். திலகர் கீதா ரகசியத்தை மாண்டலே சிறையில் எழுதினார். வினோபா 1932-ல் துலே சிறையில் கைதிகளுக்கு மராத்தியில் கீதை சொல்ல, சானே குருஜி உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதுதான் பிறகு இந்திய மொழிகள் பலவற்றுக்கும் போன கீதைப் பேருரைகள். அதே சானே குருஜியை வெள்ளைக்காரன் திருச்சி சிறையில் கொண்டுவந்து போட்டான். மனுஷர் சும்மா இருக்கவில்லை. தமிழ் கற்றுக்கொண்டு திருக்குறளை மராத்திக்குக் கொண்டுபோனார். வெள்ளைக்காரன் அறியாமல் செய்த அந்த நிதியுதவியின் தரத்தை நம் கலாசாரத் துறைகள் இன்னும் எட்டவில்லை. இந்தி குஜராத்தி ஆள் தேடும் வியாபாரி சபர்மதி சிறைக்கு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம்.

வெளியே இருந்து இந்த வேலையைச் செய்தவர்களுக்கும் வழி திறந்தது ஏதோ ஒரு தற்செயல்தான். எஸ்.எல். பைரப்பாவின் பருவத்தைத் தமிழுக்குத் தந்து 2005-ல் அகாடமி மொழிபெயர்ப்பு விருது பெற்ற பாவண்ணன், தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் போனவர். போன இடத்தில் தன் ஆர்வத்தால் கன்னடம் கற்றார். ஆக, கன்னட நாவலைத் தமிழனுக்கு வாங்கித் தந்த பெருமையில் ஒரு பங்கு தொலைபேசித் துறையின் பணியிட உத்தரவுக்குப் போகிறது. பல்கலைக்கழகங்களின் துறைகள் அந்த நேரத்தில் கருத்தரங்க மலர் அச்சடித்துக்கொண்டிருந்தன.

மனிதனெல்லாம் எதற்கு, இயந்திரம் வந்துவிட்டதே என்கிறார்கள். வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17-ல் வாரணாசியில் பிரதமர் இந்தியில் பேசப் பேச, காசி தமிழ்ச் சங்கமத்துக்குப் போன நம்மவர்கள் காதில் பாஷினி என்கிற மொழிபெயர்ப்பு இயந்திரம் அதைத் தமிழில் சொன்னது. வரவேற்புரைக்கு அது போதும். வருக வருக என்பதில் மறைபொருள் எதுவுமில்லை. தத்துவம் அப்படியா? புரியாத இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூன்று நாள் யோசிப்பதுதான் அங்கே வேலையே. இயந்திரத்துக்கு, தனக்குப் புரியவில்லை என்பதே புரியாது. சரி, அந்த இயந்திரம் பாடம் படித்தது எதிலிருந்து? ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்த லட்சக்கணக்கான வாக்கியங்களிலிருந்து. அவர்களில் எத்தனை பேரைத் தேடிப் போய்ப் பணம் கொடுத்தார்கள்? அங்கேயும் புண்ணியம்தான், இந்தத் தடவை மொத்தக் கொள்முதலில்.

டெல்லியைத் திட்டும்வரை நமக்குக் கைதட்டல் கிடைக்கும். வீட்டுக்குள் வருவோம். மூன்றாவது மொழியை ஏற்கவில்லை என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது டெல்லி. அது பச்சையான மிரட்டல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பேசியவர்களில் ஒருவராவது, எங்கள் எல்லை ஒன்றியங்களில் பிள்ளைகள் ஏற்கெனவே மூன்று மொழியோடுதான் பள்ளிக்கு வருகிறார்கள், அவற்றை என்ன செய்தீர்கள் என்று கேட்டாரா? 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை தமிழ் படிக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. அதற்குப் பக்கத்திலேயே, வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பேசும் பிள்ளையின் அந்த இரண்டையும் எழுத்தோடு காப்பாற்றி, தமிழோடு கோத்து, நாளைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளராக ஆக்கலாம் என்று ஒரு பத்தி சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? பாட்டிக்கு வேமனா பத்தியங்கள் வாயில் இருக்கும். பேத்திக்குத் தெலுங்கு பேச மட்டும் வரும், எழுத்துக் கூட்ட வராது. பத்தியங்களைத் தேடித் தொகுத்து 1829-ல் ஆங்கிலமாக்கிய சி.பி. பிரவுன் கும்பினி உத்தியோகஸ்தர். அவருக்கு இருந்த அக்கறை அந்தப் பாட்டி வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு இல்லை.

தமிழ் நூல்கள் உலக மொழிகளுக்குப் போக மானியம் என்று 2023 சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியோடு அரசு கொண்டுவந்தது நல்ல திட்டம். ஆனால் அதிலும் நம் குணம் தெரிகிறது. நாம் சொல்வதை உலகம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதை நாம் கேட்க மானியமெல்லாம் கூடாது, அது அவன் தலைவிதி.

குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்கையும் ஒரு கூரைக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்று, மூன்று மாநிலம் கூடும் இடம் பார்த்து ஆந்திர அரசு கட்டியது. வேப்பனப்பள்ளிக்கு அது அடுத்த ஊர். எங்கள் பிள்ளைகள் அந்தத் திசையில் போகிறார்களா? விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும், ஏறிக் குருபரப்பள்ளிக்கும் ஓசூருக்கும் போவார்கள். அங்கே ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பெண்களோடு ஒரே லைனில் நின்று ஆறு மாதத்தில் இந்தி பேசிவிடுவார்கள். யாரும் திணிக்கவில்லை, யாரும் தடுக்கவில்லை. ஐந்தாவது மொழி. அதற்கும் இன்க்ரிமெண்ட் இல்லை.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை என்று மூக்கைச் சிந்தும் அறக்கட்டளைகளுக்கும் ஆசிரமங்களுக்கும் அகாடமிகளுக்கும் எங்கள் பக்கத்து நிபந்தனைகள். பக்கக் கணக்கில் கூலி, பேசும்போதே தொகை. பாதி முன்பணம், மீதி கையெழுத்துப்பிரதி கொடுத்த அன்று. விழா முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற பேச்சு கூடாது. மாதிரிப் பத்துப் பக்கத்துக்கும் காசு. உங்கள் நிர்வாகக் குழுவில் இரண்டு மொழியும் தெரியாத பெரியவர் யாரும் நடையைத் திருத்தக் கூடாது. மறுபதிப்பு வந்தால் அதிலும் பங்கு. பெயர் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், முன்னட்டையில் வர வேண்டும். சுவாமிகளின் திருவுருவப் படம் போட்டபின் அட்டையில் இடமில்லை என்பீர்கள். படத்தைச் சின்னதாகப் போடுங்கள்.